பூ வாசனை செண்ட்டுக்கு பொறுமை வேணும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பூ வாசனை பெர்ஃப்யூம் பத்தி எழுதும்போது ஒரு விஷயம் சொல்லியிருந்தேன், நல்ல ஃப்ளோரல் செண்ட்டை அடிச்ச முதல் அஞ்சு நிமிஷத்துல எடை போடாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் தோல்ல விட்டுட்டு அப்புறம் புடிச்சிருக்கா இல்லையான்னு முடிவு பண்ணுங்கன்னு. அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பாக்கல. நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, அதையெல்லாம் சேர்த்து பதில் சொல்றேன். யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, எனக்கு கிஃப்ட்டா ஒரு நல்ல ஃப்ளோரல் பெர்ஃப்யூம் வந்துச்சு. காலைல அடிச்சா அரை மணி நேரத்துல வாசனை சுத்தமா போயிடுது. ஆனா ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க மதியம் கூட "என்ன செண்ட் போட்டிருக்கீங்க, சூப்பரா இருக்கே"ன்னு கேக்குறாங்க. எனக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?

பதில்: செண்ட் எங்கயும் போகலம்மா, உங்க மூக்குதான் அதை கண்டுக்காம விட்டுடுச்சு. ஒரே வாசனை விடாம வந்துட்டே இருந்தா, இது ஆபத்தில்ல, புதுசும் இல்லன்னு முடிவு பண்ணி அதை பின்னாடி தள்ளிட்டு புதுசா வர்ற வாசனைக்கு இடம் விடுறது மூக்கோட வேலை. அதனாலதான் நம்ம வீட்டு வாசனை நமக்கு தெரியாது, வெளியூர் போய்ட்டு வந்து கதவை திறக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும் தெரியும். உங்க கழுத்துல இருக்கிற செண்ட் நாள் முழுக்க உங்க மூக்குக்கு கீழயே இருக்கு, பக்கத்து சீட்டுக்காரங்களுக்கு நீங்க எழுந்து நடக்கும்போது மட்டும் போகுது, அதான் அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கு.

பூ வாசனை செண்ட்ல இது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, அதுக்கு தனி காரணம் இருக்கு. வயலட் பூ வாசனை குடுக்கிற அயனோன்னு ஒரு பொருள், 1893-ல ஜெர்மனியில டீமன், க்ரூகர்னு ரெண்டு கெமிஸ்ட் செயற்கையா செஞ்சு காட்டினாங்க, அதுக்கப்புறம் வந்த ஃப்ளோரல் செண்ட் ஏகப்பட்டதுல இது இருக்கும். இதோட குணம் என்னன்னா வரும், போகும், திரும்ப வரும். மோந்து பாத்தா ஒரு நொடி நல்லா தெரியும், அடுத்த மூச்சுல காணோம், கொஞ்சம் விட்டு பாத்தா மறுபடி இருக்கும். மூக்கு இதுக்கு அவ்ளோ சீக்கிரம் சலிச்சு போயிடுது. அப்புறம் கடைசி வரைக்கும் அடியில நிக்கிற மஸ்க், அதாவது கஸ்தூரி வாசனை, அதோட மாலிக்யூல் ரொம்ப பெருசு, சில பேருக்கு சில மஸ்க் பிறவியிலேயே தெரியவே தெரியாது. நம்ம மூக்குல வாசனை பிடிக்கிற ரிசெப்டர் சுமார் 400 வகை இருக்கு, அது ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசப்படும், இந்த ரிசெப்டர்களை கண்டுபிடிச்சதுக்குத்தான் 2004-ல லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. அதனால நீங்க மோந்து பாக்கிற அதே செண்ட்டை பக்கத்துல இருக்கிறவங்க வேற மாதிரி உணர்றதுல ஆச்சரியமே இல்ல.

இதுல நான் கெஞ்சி கேக்கிறது ஒண்ணுதான், தெரியலன்னு மதியம் எடுத்து மறுபடி மறுபடி அடிக்காதீங்க. உங்களுக்கு தெரியுற அளவுக்கு அடிச்சா அடுத்தவங்களுக்கு அது மூணு மடங்கு. இருக்கா இல்லையான்னு பாக்கணும்னா வெளில போய் நல்ல காத்துல அஞ்சு நிமிஷம் நின்னுட்டு உள்ள வாங்க, இல்லன்னா காலைல கழுத்துல சுத்தியிருந்த துப்பட்டாவை கழட்டி தனியா வச்சுட்டு சாயங்காலம் மோந்து பாருங்க, துணியில அப்படியே இருக்கும்.

கேள்வி: கடையில அட்டையில அடிச்சு குடுத்தாங்க, அவ்ளோ புடிச்சுது, உடனே வாங்கிட்டேன். சாயங்காலம் கையை மோந்து பாத்தா சம்பந்தமே இல்லாத வேற வாசனை. பாட்டில் மாறிடுச்சோன்னு டவுட்டா இருக்கு.

பதில்: பாட்டில் மாறல, நீங்க வாங்கினது அந்த செண்ட்டோட முதல் பத்து நிமிஷத்தை. நிறைய பேர் இப்படித்தான் வாங்குறாங்க, கடையும் அதுக்குத்தான் அட்டையை நீட்டுது.

ஒரு செண்ட்டுல இருக்கிற பொருள் எல்லாம் ஒரே வேகத்துல ஆவியாகாது. எலுமிச்சை, பெர்கமாட், ஆரஞ்சு தோல் மாதிரி லேசான பொருள் முதல்ல பறக்கும், அது டாப் நோட், பத்து பதினஞ்சு நிமிஷம்தான் அதோட ஆயுசு. நடுவுல வர்றது ஹார்ட் நோட், பூவெல்லாம் இங்கதான் இருக்கு, மல்லி, ரோஜா, சம்பங்கி, இலாங் இலாங் எல்லாம் இந்த இடத்துல. கடைசியா பேஸ், சந்தனம், மஸ்க், வெனிலா, பச்சோலி, கனமா மெதுவா கிளம்பும், மறுநாள் காலைல சட்டை காலர்ல மிச்சம் இருக்கிறது இதுதான். கடையில பத்து நிமிஷம் நின்னா பூவே இன்னும் முழுசா வந்திருக்காது, பூ செண்ட் வாங்கப் போய் பழ வாசனையை பாத்துட்டு காசு குடுத்துட்டு வந்துடுறோம்.

ஒரு நல்ல மல்லி செண்ட்டை எடுத்துக்கிட்டு மணிக்கட்டுல ஒரே ஒரு ஸ்ப்ரே அடிச்சு பாருங்க, வேற எங்கயும் வேண்டாம். முதல்ல மூக்குல ஏறுறது ஆல்கஹால், அந்த நேரத்துல கிட்ட போகாதீங்க, அது ஆறட்டும். அப்புறம் பளிச்சுனு புளிப்பும் பச்சையுமா ஒண்ணு வரும், காம்பை கிள்ளினா வருமே அந்த பச்சை. கால் மணி நேரம் கழிச்சு புளிப்பு அடங்கும்போதுதான் மல்லி திறக்கும், முதல்ல பழம் மாதிரி இனிப்பா இருக்கும், அது பென்சில் அசிடேட்னு ஒரு பொருள், நிஜ மல்லியிலயே நிறைய இருக்கு. அதுக்கு கீழ உத்து பாத்தீங்கன்னா இண்டோல் தெரியும், மல்லிக்குள்ள கொஞ்சமே கொஞ்சம் இருக்கிற பொருள், தனியா மோந்தா கற்பூர உருண்டையும் அழுகலும் கலந்த மாதிரி இருக்கும், ஆனா அது இல்லாத மல்லி வெறும் சோப்பு வாசனைதான். ராத்திரி பூத்த மல்லி கிட்ட போனா கொஞ்சம் தலை கிறுகிறுக்கும் பாருங்க, அதுல இண்டோலுக்கு பெரிய பங்கு இருக்கு. ஒரு மணி நேரம் ஆனப்புறம் பூ மெதுவா தோலோட ஒட்டும், தூரத்துல இருந்து தெரியறது குறைஞ்சு கையை முகத்துகிட்ட கொண்டு போனாதான் தெரியும். ரெண்டு மூணு மணி நேரத்துல பூவும் மரமும் மஸ்க்கும் ஒண்ணா கலந்து எது எதுன்னு பிரிக்க முடியாத ஒரு வாசனை ஆயிடும், அது அந்த செண்ட்டும் உங்க தோலும் சேர்ந்தது, அதே பாட்டில்ல உங்க தங்கச்சி அடிச்சா கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கும். ஃப்ளோரல் செண்ட்டோட அழகு எனக்கு அந்த மூணாவது மணி நேரத்துலதான் இருக்கு, அது புடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க.

அட்டையில அடிச்சு பாக்கிறது எது வேண்டாம்னு ஒதுக்குறதுக்கு உதவும், அவ்ளோதான். ஒதுக்கி ஒண்ணோ ரெண்டோ மிஞ்சினதும் கைக்கு ஒண்ணா அடிச்சுக்கிட்டு கடையை விட்டு வெளில வந்துடுங்க, வாங்காம வந்துட்டோமேன்னு கூச்சப்பட வேண்டாம். ஒரே நாள்ல எட்டு பத்து மோந்தா எல்லாமே ஒண்ணா தெரியும், அப்போ கடையில காபிக்கொட்டை கிண்ணத்தை நீட்டுவாங்க, அது இன்னொரு வாசனை அவ்ளோதான், அதுக்கு பதிலா செண்ட் படாத உங்க முழங்கை மடிப்பையே மோந்து பாருங்க, மூக்கு நிதானத்துக்கு வரும்.

கேள்வி: ஓ ட துவாலெட், ஓ ட பர்ஃபம், பர்ஃபம்னு பாட்டில்ல போட்டிருக்கே, எது நல்லது?

பதில்: அது தரம் இல்ல, வாசனை எண்ணெய் எவ்ளோ கலந்திருக்குங்கிறது. தோராயமா ஓ ட கொலோன்ல 2 முதல் 5 சதவீதம், ஓ ட துவாலெட்ல 5 முதல் 15, ஓ ட பர்ஃபம்ல 15 முதல் 20, பர்ஃபம்னு மட்டும் போட்டிருந்தா 20-க்கு மேல. ஒவ்வொரு கம்பெனியும் கொஞ்சம் முன்னப்பின்ன வைக்கும். கனமானது ரொம்ப தூரம் வீசும்னு நினைக்காதீங்க, பல நேரம் பர்ஃபம் தோலோட ஒட்டி கிட்டக்கவே இருக்கும், துவாலெட் நல்லா பறந்து சீக்கிரம் முடிஞ்சிடும். ஒரே பேர்ல வர்ற துவாலெட்டும் பர்ஃபமும் வாசனையே கூட வேற வேறயா இருக்கலாம், அதனால ஒண்ணை மோந்துட்டு இன்னொண்ணை வாங்காதீங்க.

கேள்வி: இந்த ஃப்ளோரல் பெர்ஃப்யூம்ல எல்லாம் நிஜமாவே பூ இருக்கா, இல்ல எல்லாம் கெமிக்கலா? கெமிக்கல்னா வாங்க மனசு வரல.

பதில்: ரெண்டும் இருக்கும், ரெண்டும் வேணும். நீங்க கெமிக்கல்னா மனசு வரலன்னு எழுதினதால கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இந்த ஒரு தயக்கத்தால நல்ல நல்ல செண்ட் நிறைய பேருக்கு கிடைக்காம போகுது.

முதல்ல பூவோட கஷ்டத்தை பாருங்க. ரோஜாவை தண்ணியில போட்டு காய்ச்சி வடிக்கலாம், பல்கேரியாவுல கசன்லக் பள்ளத்தாக்குலயும் துருக்கியில இஸ்பார்ட்டாவுலயும் அதைத்தான் பண்றாங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி விடியக்காலைல பறிப்பாங்க, ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு சுமார் 3 முதல் 5 டன் பூ வேணும். மல்லிக்கு அந்த வழியும் இல்ல, நீராவி பட்டா அதோட வாசனை கெட்டுப் போயிடும். அதனால கரைப்பான்ல ஊற வச்சு மெழுகு மாதிரி ஒண்ணு எடுப்பாங்க, அதுக்கு கான்க்ரீட்னு பேர், அதை ஆல்கஹால்ல கழுவி வாசனையை மட்டும் பிரிச்சா அப்சல்யூட். இந்த வேலைக்கு உலகத்துல பேர் போன ஊர் ஃப்ரான்ஸ்ல இருக்கிற க்ராஸ், தோல் கையுறைக்கு வாசனை ஏத்துறதுல ஆரம்பிச்சு செண்ட் ஊராவே ஆயிடுச்சு, அங்க பூ வளர்க்கிறது, சாறு எடுக்கிறது, கலக்கிறது இந்த மூணு கைவேலையையும் 2018-ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேர்த்தாங்க. 1930-ல ழான் பட்டூ கொண்டு வந்த ஜாய் செண்ட்டுல 30 மில்லிக்கு 10,600 மல்லியும் 28 டஜன் ரோஜாவும் போகுதுன்னு அந்த கம்பெனியே விளம்பரம் பண்ணுச்சு, அதை உலகத்துலயே காஸ்ட்லி செண்ட்னும் சொல்லி வித்தாங்க.

இதுக்கு அந்தப் பக்கம், சாறே குடுக்காத பூ இருக்கு. லில்லி ஆஃப் த வேலி, குட்டி குட்டி வெள்ளை மணி மாதிரி தொங்குமே அந்தப் பூ, அதை காய்ச்சினாலும் ஊற வச்சாலும் செண்ட்டுக்கு உதவுற மாதிரி எண்ணெய் கிடைக்காது. லைலாக்கும் அப்படித்தான். எட்மோன் ருட்னிட்ஸ்கான்னு ஒரு பெரிய பெர்ஃப்யூமர், தன்னோட தோட்டத்துலயே அந்த லில்லியை வளர்த்து, திரும்ப திரும்ப மோந்து, ஆய்வகத்துல செஞ்ச பொருட்களை வச்சு அந்தப் பூவை முதல்ல இருந்து கட்டி எழுப்பினார், அது 1956-ல டியோர் கம்பெனியில இருந்து டியோரிஸிமோன்னு வந்துச்சு. பூச்சாறு ஒரு சொட்டு கூட கிடைக்காத பூவோட வாசனை அது, ஆனா போட்டுக்கிட்டா ஈரமான தோட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கும். அதை கெமிக்கல்னு ஒதுக்க எனக்கு மனசே வராது, ஒரு மனுஷன் ஒரு பூவை எவ்ளோ கவனிச்சிருந்தா அப்படி செய்ய முடியும்!

1921-ல எர்னஸ்ட் போ செஞ்ச ஷனெல் நம்பர் 5-லயும் இதே கதைதான், க்ராஸ் மல்லியும் ரோஜாவும் நிறைய இருக்கு, அதுக்கு மேல ஆல்டிஹைட்னு செயற்கை பொருள், அது இல்லன்னா அந்த பூக்கூட்டத்துக்கு அந்த மினுமினுப்பு வராது.

இயற்கைன்னா பாதுகாப்பு, செயற்கைன்னா ஆபத்துங்கிற கணக்கும் சரியா வராது. லிலியால்னு லில்லி வாசனை தர்ற ஒரு செயற்கை பொருளை ஐரோப்பிய யூனியன் 2022 மார்ச்ல அழகுப் பொருட்கள்ல தடை பண்ணாங்க, உண்மைதான். ஆனா நிஜ ரோஜாவுல இயற்கையாவே இருக்கிற ஜெரானியால், சிட்ரோனெல்லால் கூட சில பேர் தோலுக்கு அலர்ஜி குடுக்கும், அதான் டப்பாவுல அந்த பேரெல்லாம் பொடி எழுத்துல போட்டிருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே அரிப்பு வந்திருந்தா அந்த லிஸ்ட்டை படிங்க, முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வச்சு ரெண்டு நாள் பாருங்க, சிவந்தா விட்டுடுங்க.

கேள்வி: எங்க அடிக்கணும்? மணிக்கட்டுல அடிச்சு தேய்க்கலாமா?

பதில்: தேய்க்காதீங்க, தேய்ச்சா சூடாகி டாப் நோட் சட்டுனு ஓடிடும், நீங்க எதுக்கு காசு குடுத்தீங்களோ அதுல ஒரு பங்கு போயிடும். அடிச்சுட்டு அப்படியே காய விடுங்க. குளிச்சு ஈரம் துடைச்ச உடனே வாசனை இல்லாத க்ரீம் கொஞ்சம் தடவி அதுக்கு மேல அடிச்சா ரொம்ப நேரம் நிக்கும், காஞ்ச தோல்ல செண்ட் தங்காது. கழுத்தோட பின்பக்கம், முழங்கை உள்மடிப்பு ரெண்டும் எனக்கு ரொம்ப புடிச்ச இடம், பின்கழுத்துல அடிச்சா உங்க மூக்குக்கு நேரா இருக்காது, அதனால மூக்கு சீக்கிரம் சலிக்காது, திரும்பும்போது மட்டும் உங்களுக்கே லேசா வரும். பட்டுத் துணியில, வெளிர் கலர்ல, முத்து மேல நேரா அடிக்காதீங்க, கறை விழும், முத்து மங்கிடும். எலுமிச்சை, பெர்கமாட் ஜாஸ்தி இருக்கிற பழைய செண்ட்டை வெயில் படுற இடத்துல அடிச்சா தோல் கருத்து திட்டு விழ வாய்ப்பு இருக்கு, பெர்கமாட் எண்ணெய்ல இருக்கிற பெர்காப்டென்தான் அதுக்கு காரணம், இப்போ பெரும்பாலும் அதை எடுத்துட்டுதான் சேர்க்கிறாங்க, இருந்தாலும் வெயில்ல நிக்கிற வேலைன்னா துணிக்குள்ள இருக்கிற தோல்ல அடிங்க.

கேள்வி: நான் ஆம்பளை. எனக்கு ரோஜா, மல்லி வாசனைதான் புடிக்கும், அந்த கடல் வாசனை, மர வாசனை எல்லாம் ஒத்து வரல. லேடீஸ் செக்‌ஷன்ல போய் வாங்க கூச்சமா இருக்கு. போடலாமா?

பதில்: தாராளமா போடுங்க தம்பி. பூவுக்கு ஆண் பெண் கிடையாது, அந்த பிரிவெல்லாம் அலமாரியில அடுக்கி விக்கிறதுக்காக வச்சது. ஆண்களுக்குன்னு வித்த செண்ட்லயே பூ ஏகப்பட்டது இருக்கு, 1966-ல வந்த ஓ சவாஜ்ல ஹெடியோன்னு ஒரு மல்லி வாசனைப் பொருளை சேர்த்து அந்த மொத்த எலுமிச்சை வாசனையையும் காத்தோட்டமா ஆக்கினாங்க, அதை செஞ்சதும் மேல சொன்ன அதே ருட்னிட்ஸ்காதான். 1988-ல வந்த ஃபாரன்ஹைட்னு ஒரு செண்ட்டுல வயலட் இலை, 2005-ல வந்த டியோர் ஓம்ல ஐரிஸ். இதையெல்லாம் போட்டுட்டு திரியுற எத்தனையோ பேருக்கு தான் பூ செண்ட் போட்டிருக்கோம்னே தெரியாது. நீங்க நேரா ரோஜாவுக்கே போகணும்னா பச்சோலியோ, ஊத்னு சொல்ற அகில் கட்டை வாசனையோ சேர்ந்த ரோஜாவை முதல்ல பாருங்க, இனிப்பு குறைவா இருக்கும், ஆனா அதுதான் போடணும்னு இல்ல, சர்க்கரையா இனிக்கிற ரோஜா புடிச்சா அதையே போடுங்க. உங்க தோல்ல மூணு மணி நேரம் இருக்கப் போறது, உங்களுக்கு புடிக்கணும்.

கேள்வி: என்கூட வேலை பாக்கிறவங்க சம்பங்கி செண்ட் போட்டுட்டு வர்றாங்க, எனக்கு தலைவலியே வந்துடுது. சொன்னா கோச்சுப்பாங்களோன்னு பயம். அதே சமயம் நானும் செண்ட் பிரியைதான், நான் அப்படி யாருக்காவது தொந்தரவா இருக்கேனான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

பதில்: ரெண்டாவது கேள்வியை கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களை ரொம்ப புடிச்சுப் போச்சு. சம்பங்கி பூவுலயே பயங்கர சத்தமான பூ, 1948-ல ஜெர்மேன் செல்லியேன்னு ஒரு பெண் பெர்ஃப்யூமர் பிகே கம்பெனிக்காக செஞ்ச ஃப்ரகாஸ்தான் இன்னைக்கும் அந்த வகைக்கு அளவுகோல், அழகுன்னா அப்படி ஒரு அழகு, ஆனா ஏசி போட்டு மூடின ரூமுக்குள்ள அதை நாலு ஸ்ப்ரே அடிச்சா பக்கத்துல உக்கார முடியாது. தனியா கூப்பிட்டு சொல்லுங்க, "உங்க செண்ட் நல்லாருக்கு, ஆனா எனக்கு தலைவலி வருது, ஆபீஸ் நாள்ல கொஞ்சம் கம்மியா போட முடியுமா"ன்னு. செண்ட் மோசம்னு சொன்னாதான் மனசு கஷ்டப்படும், உங்க தலைவலியை சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. முன்னாடி சொன்ன மாதிரி அவங்க மூக்கு பழகிப்போய் எவ்ளோ அடிக்கிறோம்னே தெரியாம இருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்ற அளவு, கையை நீட்டினா எட்டுற தூரம். அதுக்குள்ள வர்றவங்களுக்கு மட்டும் தெரியணும், அதைத் தாண்டி தெரிஞ்சா ஒரு ஸ்ப்ரே குறைங்க. மூடின ரூம்ல ஒண்ணு, வெளில காத்தோட்டமா இருக்கிற இடத்துக்கு ரெண்டு மூணு. கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி அடிச்சுட்டா அந்த முதல் வேகமும் அடங்கிடும். ஆஸ்பத்திரிக்கு போறப்போ, சின்னக் குழந்தையை பாக்கப் போறப்போ போடவே வேண்டாம். வீட்டுல யாராவது ஒருத்தர் கிட்ட, மூஞ்சிக்கு நேரா உண்மையை சொல்றவங்ககிட்ட, கதவுகிட்ட நின்னு கேளுங்க, அதைவிட நல்ல டெஸ்ட் கிடையாது.

கேள்வி: அம்மா தவறி மூணு வருஷம் ஆச்சு. அவங்க வச்சிருந்த ஃப்ளோரல் செண்ட் பாதி பாட்டில் என்கிட்ட இருக்கு. கலர் மஞ்சள்ல இருந்து பழுப்பா மாறிடுச்சு. தொறக்கவே பயமா இருக்கு, தொறந்தா தீந்துடும், தொறக்காட்டியும் கெட்டுடும்னு சொல்றாங்க. என்ன பண்றது?

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். கலர் மாறினதை பாத்து பயப்படாதீங்க, பூ செண்ட்டுல இண்டோலும் வெனிலின்னும் இருந்தா நாளாக நாளாக கருக்கத்தான் செய்யும், அதை மட்டும் வச்சு கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது. பழசாகும்போது முதல்ல கெடுறது மேல இருக்கிற எலுமிச்சை வகை, அதனால அடிச்ச உடனே நெயில் பாலிஷ் மாதிரியோ புளிச்ச மாதிரியோ ஒரு வாடை வரலாம், அதை வச்சு முடிவு பண்ணிடாதீங்க, ஒரு வெள்ளைத் தாள்ல ஒரே ஒரு தடவை அடிச்சுட்டு ஒரு மணி நேரம் வேற வேலை பாத்துட்டு வாங்க. பூவும் அடியில இருக்கிறதும் பெரும்பாலும் நல்லாவே நிக்கும், உங்க அம்மா மேல வந்த வாசனையும் அதுதான், காலைல அவங்க அடிக்கிற நிமிஷத்துல நீங்க பக்கத்துல இருந்திருக்க மாட்டீங்க, மத்த நேரமெல்லாம் கிட்ட போய் உக்காந்தப்போ வந்தது அந்த அடங்கின வாசனைதான்.

வாசனை ஞாபகத்தை இப்படி பிடிச்சு இழுக்கிறதுக்கு காரணம் இருக்கு. பாக்கிறது, கேக்கிறது எல்லாம் மூளையில தலாமஸ்னு ஒரு இடம் வழியா போகும், வாசனை மட்டும் அந்த வழியா சுத்தாம உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கிற பகுதிகளுக்கு கிட்டத்தட்ட நேரா போயிடுது. அதனால தொறக்கிற அன்னைக்கு அழுகை வரும், வந்தா வரட்டும், வேலைக்கு கிளம்புற அவசரத்துல மட்டும் தொறக்காதீங்க, லீவு நாளா பாத்து வச்சுக்கங்க.

போடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்க வந்துட்டு நிறுத்தின மாதிரி இருக்கு. போடலாம்மா. தோல்ல போடுறதுக்கு முன்னாடி கை உள்பக்கம் ஒரு சொட்டு வச்சு அரிப்பு வருதான்னு பாருங்க, வந்தா தோல்ல வேண்டாம், அவங்க புடவை ஏதாவது இருந்தா அதோட மடிப்புல ஓரமா கொஞ்சம் அடிங்க.

மிச்சத்தை காப்பாத்தணும்னா வெளிச்சம், சூடு, காத்து இந்த மூணும் ஆகாது. ஃப்ரான்ஸ்ல வெர்சாய்ல ஓஸ்மோதெக்னு ஒரு இடம் இருக்கு, 1990-ல தொடங்கினது, காணாம போன பழைய செண்ட்டையெல்லாம் அங்க சேர்த்து வச்சிருக்காங்க, 12 டிகிரி குளிர்ல, இருட்டுல, பாட்டிலுக்குள்ள காத்துக்கு பதிலா ஆர்கான் வாயு நிரப்பி. நம்மால ஆர்கான் நிரப்ப முடியாது, மத்த ரெண்டும் முடியும். பாத்ரூம்லயும் கண்ணாடி மேஜையிலயும் வைக்காதீங்க, அதோட பழைய அட்டைப் பெட்டி இருந்தா அதுக்குள்ள, இல்லன்னா ஒரு கறுப்புத் துணியில சுத்தி, அலமாரியோட கீழ்த்தட்டுல உள்பக்கமா நிக்க வச்சு வைங்க. சின்ன பாட்டிலுக்கு மாத்தலாமான்னு தோணும், மாத்தும்போது உள்ள காத்து போகும், ஸ்ப்ரே நல்லா வேலை செய்ற வரைக்கும் அவங்க பாட்டில்லயே இருக்கட்டும். தொறந்து மூடுற கண்ணாடி மூடி வச்ச பாட்டிலா இருந்தா மட்டும் மூடி லூஸா ஆடுதான்னு பாருங்க, ஆடினா கழுத்தை சுத்தி பாராஃபிலிம்னு இழுத்தா நீளுற மெழுகு டேப் மாதிரி ஒண்ணை ஒட்டிடுங்க, லேபுக்கு சாமான் விக்கிற கடையில கிடைக்கும்.